தலைகீழாகாத குண்டு

கௌபோய்ப் படங்களைப் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, அமெரிக்க மேற்குப் பிரதேசத்து வீரன் ஒருவன் இடுப்புறையிலிருந்து துப்பாக்கியை உருவி, ஓடும் குதிரையின்மீது இருந்தபடியே பத்துப் பதினைந்து முறை சுட்டுத் தள்ளுவது வியப்பாகத் தோன்றுவதில்லை. அத்துப்பாக்கியில் இருப்பவை ஆறே அறைகள் என்பதையோ, அவை வெறுமையானபின் அவன் என்ன செய்தான் என்பதையோ எண்ணிப் பார்ப்போர் சிலரே. படம் எடுப்போர் அதனைக் காட்டாது விடுவதற்கும் நியாயம் உண்டு. 1840ஆம் ஆண்டுக்கும் 1870ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வழங்கிய ஒரு கைத்துப்பாக்கியை முறைப்படி கெட்டிப்பதைத் திரையில் காட்டப் புகுந்தால், அதற்குள் எதிரி வீடு சென்று உணவருந்தித் திரும்பிவிடுவான்.

இக்காலத் தோட்டாவிலே, மருந்தும் சன்னமும் தீப்பொறி தரும் பொருளும் ஒரே பித்தளைக் கூட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. அக்காலத்தில் அம்மூன்றும் தனித்தனியே கிடந்தன. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றை முறையே நூற்றுக்கு 75, 10, 15 என்ற அளவில் சேர்த்து அரைத்த கருமருந்து ஒரு குடுவையில் இருந்தது. ஈயக்குண்டுகள் ஒரு தோற்பையில் இருந்தன. தட்டினால் பொறி பறக்கும் சிறு செப்புக் கேப்புகள் ஒரு தகரச் சிமிழில் இருந்தன. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிறழாமல் துப்பாக்கிக்குள் செலுத்துவதே கெட்டித்தல். இதிலே மருந்தைப் பற்றிப் பேசியவர் பலர். கேப்பைப் பற்றி எழுதியவரும் பலர். குண்டை உள்ளே வைப்பதில் என்ன நுட்பம் இருக்கப்போகிறது என்று பெரும்பாலோர் அதனைக் கடந்து போய்விடுகின்றனர். ஆனால் மருந்து எவ்வளவு நல்லதாயினும், குண்டு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார வேண்டிய விதத்தில் உட்காராவிட்டால், துப்பாக்கி சுடாமல் போகலாம். சுட்டவனையே சுட்டும் விடலாம். இரண்டும் நிகழ்ந்திருக்கின்றன.

குண்டு குழலுக்குள் இறுக்கமாகச் செல்ல வேண்டும். இல்லையேல் மருந்தின் ஆவி குண்டைத் தள்ளாமல் அதன் ஓரமாகத் தப்பி ஓடிவிடும். அதேவேளை, அது கையால் செலுத்தக்கூடிய அளவுக்குத் தளர்வாகவும் இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது எப்படி? இக்கேள்விக்குப் பழைய துப்பாக்கித் தொழிலாளர் மூன்று விடைகள் கண்டனர்.

முதலாவது விடை துணி. ஒரே குழலுள்ள பழைய பிஸ்டலுக்கு, குழலின் வாயைவிடச் சற்றுச் சிறிய குண்டை வார்ப்பார்கள். கொழுப்புத் தடவிய ஒரு துணித்துண்டைக் குழலின் வாயில் விரித்து, அதன் நடுவே குண்டை வைத்து, கோலால் இடித்து மருந்தின்மேல் இருத்துவார்கள். குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள வெளியைத் துணி அடைத்துக்கொள்ளும். குழலின் உட்புறத்தில் புரிகள் வெட்டியிருந்தால் அவற்றைப் பற்றிக் குண்டைச் சுழலவும் வைக்கும். வெளியே வந்தவுடன் துணி கழன்று விழுந்துவிடும். வேட்டைக்காரரும் குறிசுடும் போட்டிக்காரரும் கையாண்ட முறை இது. இரண்டாவது விடை, பிரெஞ்சு இராணுவ அதிகாரி மினியே 1849ஆம் ஆண்டளவில் பிரபலப்படுத்திய சன்னம். அதன் அடிப்புறம் குழிவாக இருக்கும். தளர்வாக உள்ளே நழுவிச் செல்லும். மருந்து வெடித்ததும் அடிப்புறம் விரிந்து குழலைக் கவ்விக்கொள்ளும். இது பெரும்பாலும் நீண்ட துப்பாக்கிக்கு உரியது.

மூன்றாவது விடைதான் நமக்கு இங்கு முக்கியம். அது சுழலும் உருளையுள்ள கைத்துப்பாக்கிக்கு, அதாவது றிவோல்வருக்கு உரியது. இங்கே குண்டு, அறையின் வாயைவிடச் சிறியதன்று, பெரியது! அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு சில பங்கு பெரியது. அதனை ஒரு நெம்புகோலின் வலிமையால் அறைக்குள் அழுத்தும்போது, அறையின் விளிம்பு குண்டின் இடுப்பைச் சுற்றி மெல்லிய ஈய வளையம் ஒன்றைச் சீவி எடுத்துவிடும். அந்த வளையம் கீழே விழுந்தால் கெட்டிப்பவன் மனநிறைவு அடைவான். குண்டு அறையை முற்றாக அடைத்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வளையம் விழவில்லையென்றால், அந்தக் குண்டை நம்புதல் ஆகாது.

கல்கத்தாவுக்குச் சென்ற கப்பல்

றிவோல்வரை உலகறியச் செய்த சாமுவேல் கோல்ட், 1814ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொனெக்ரிகற் மாநிலத்து ஹாட்போர்ட் நகரில் பிறந்தவர். பதினாறு வயதிலே, 1830ஆம் ஆண்டு, பொஸ்டன் நகரிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட 'கோர்வோ' என்ற கப்பலில் மாலுமிப் பையனாகச் சேர்ந்தார். அக்கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று, வேண்டிய இடத்தில் தடைபட்டு நிற்பதைப் பார்த்துத்தான் சுழலும் உருளையின் எண்ணம் அவருக்கு உதித்தது என்பர். சக்கரமன்று, நங்கூரம் இழுக்கும் உருளையே என்று சொல்வாரும் உளர். எதுவாயினும், அப்பயணத்தில் அவர் மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார் என்பது கதையின் மையம். வங்காளக் குடாவை நோக்கிச் சென்ற ஒரு கப்பலின் தளத்திலே, ஒரு சிறுவனின் பேனாக்கத்தி அமெரிக்க மேற்கின் சரித்திரத்தை எழுதத் தொடங்கியது என்று நினைக்கையில் வியப்பு எழாதிருக்குமா?

திரும்பி வந்த கோல்ட் கையில் காசில்லாமல், 'டொக்டர் கூல்ட்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று சிரிப்பு வாயுவை மக்களுக்கு முகரக் கொடுத்துக் காட்சி நடத்திப் பணம் சேர்த்தார். அப்பணத்தில் துப்பாக்கித் தொழிலாளரை அமர்த்தி மாதிரிகள் செய்வித்தார். 1836ஆம் ஆண்டு பெப்ருவரி 25ஆம் திகதி அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூ ஜேர்சியிலுள்ள பற்றர்சன் நகரில் தொழிற்சாலை எழுந்தது. ஆயினும் வாங்குவார் போதவில்லை. 1842ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது.

அந்தப் பற்றர்சன் துப்பாக்கிகளில் ஐந்து அறைகள் இருந்தன. தொடக்கத்தில் வந்தவற்றில் குண்டை அழுத்தும் நெம்புகோல் துப்பாக்கியோடு இணைந்திருக்கவில்லை. குழலைக் கழற்றி, உருளையை வெளியே எடுத்து, தனியான கருவி கொண்டு ஒவ்வொரு குண்டாக அழுத்தி, மீண்டும் பூட்ட வேண்டும். குதிரையின்மேல் இருப்பவன் கையில் மூன்று துண்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஒரு துண்டு நழுவிப் புல்லில் விழுந்தால் மீதி இரண்டும் வெறும் இரும்பே. 1839ஆம் ஆண்டளவில் நெம்புகோல் குழலின் அடியிலேயே பொருத்தப்பட்டது. அதன்பின் எதையும் கழற்றாமலே கெட்டிக்க முடிந்தது. சிறு திருத்தம்தான், ஆனால் சண்டைக்கு உதவாத விளையாட்டுப் பொருளைச் சண்டைக்கு உதவும் ஆயுதமாக்கியது அதுவே என்பது எமது எண்ணம்.

வாக்கரின் துப்பாக்கி

1844ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ரெக்சாஸ் காவற்படையினர் பதினைந்து பேரளவில், கப்டன் ஹேய்ஸ் என்பவரின் தலைமையில், தம்மைவிடப் பன்மடங்கு தொகையினரான கொமாஞ்சே இந்தியரோடு பொருதனர். ஒருமுறை சுட்டபின் வெள்ளையர் துப்பாக்கி வெறுமையாகிவிடும், அவர்கள் மீண்டும் கெட்டிப்பதற்குள் அம்புமாரி பொழியலாம் என்பது கொமாஞ்சேயர் அனுபவத்தில் அறிந்த உண்மை. அன்று அது பொய்த்தது. பற்றர்சன் துப்பாக்கிகள் மீண்டும் மீண்டும் முழங்கின. தம் சொந்த நிலத்தைக் காக்க நின்றவர்கள் அந்தப் புதிய கருவியின்முன் சிதறினர். வென்றவர் பக்கமே நின்று இக்கதையைச் சொல்வது வழக்கம். மற்றப் பக்கத்தில் நின்றோருக்கு அந்த உருளை எத்தனை பெரிய அழிவின் முன்னறிவிப்பு என்பதையும் நாம் மறத்தலாகாது.

அன்றைய சண்டையில் ஈட்டியால் குத்துண்டு உயிர் தப்பியவர்களுள் ஒருவர் சாமுவேல் வாக்கர். 1846ஆம் ஆண்டு மெக்சிக்கோவுடன் போர் மூண்டபோது, அவர் கோல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். பற்றர்சன் துப்பாக்கியின் பயனைப் புகழ்ந்ததோடு, அதனினும் வலிய ஒன்று வேண்டுமென்றும் கேட்டார். கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலை இல்லை. பருத்தியிலிருந்து விதை நீக்கும் இயந்திரத்தைக் கண்ட எலி விட்னியின் மகன் நடத்திய தொழிற்சாலையை நாடினார். 1847ஆம் ஆண்டில் 1,000 துப்பாக்கிகள் இராணுவத்துக்காகவும், ஏறத்தாழ 100 பொதுமக்களுக்காகவும் செய்யப்பட்டன.

அது ஓர் இராட்சதத் துப்பாக்கி. நீளம் 15½ அங்குலம். குழல் மட்டும் 9 அங்குலம். நிறை நாலரை இறாத்தலுக்கு மேல். ஒவ்வோர் அறையிலும் 60 கிரெயின் கருமருந்து கொள்ளும். அதாவது 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பின்னாளில் வந்த கைத்துப்பாக்கிகள் பல இதன் பாதி மருந்தோடு திருப்தியடைந்தன. பெருஞ்சேணத்தின் இருபுறமும் தொங்கும் உறைகளில் வைத்துக் குதிரையே சுமக்க வேண்டியது. மனிதன் இடுப்பில் சுமக்கத் தக்கதன்று.

இத்துப்பாக்கியோடு குண்டு வார்க்கும் அச்சும் வந்தது. கோல்ட் நிறுவனத்தார் கொடுத்த அச்சுகளிலே இரண்டு குழிகளைக் காணலாம். ஒன்று உருண்டைக் குண்டுக்கு. மற்றது கூம்பு வடிவச் சன்னத்துக்கு. கூம்புச் சன்னம் நிறை கூடியது. காற்றைக் கிழித்து அதிக தூரம் செல்வது. ஆதலால் அதுவே சிறந்தது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அதற்கு மேலும் கீழும் உண்டு.

மரக்கட்டையில் ஆப்பு அடிப்பவன் கூர்முனையைக் கீழே வைத்தே அடிப்பான். நிலத்தில் முளை நடுபவனும் அப்படியே. ஒரு துளைக்குள் எதையாவது செலுத்தச் சொன்னால், கூர்மையான பக்கத்தை முதலில் நுழைப்பது மனிதக் கைக்கு இயல்பு. அவ்வாறு செய்யும்போது தட்டையான அடிப்பக்கம் நெம்புகோலின் முகத்துக்கும் அழகாகப் பொருந்திவிடும். படைவீரர் பலர் அவ்வாறே செய்தனர். கூர்முனை மருந்தை நோக்கியது. தட்டைப் பக்கம் எதிரியை நோக்கியது. சன்னம் தலைகீழாகச் சென்றால் குறி தவறும் என்பது ஒருபுறமிருக்க, அதனினும் கொடிய ஒன்று நிகழ்ந்தது. கூம்பைச் சுற்றி மிகும் வெளியில் மேலும் மருந்து நிறைக்க இடம் உண்டாயிற்று. ஏற்கெனவே அளவு மிகுந்த மருந்து; அதன்மேல் மேலும் மருந்து. உருளையின் இரும்போ இன்றைய உருக்குப் போன்றதன்று. விளைவு, உருளைகள் வெடித்தன. வாக்கர் துப்பாக்கிகள் பல இவ்வாறு வீரரின் கையிலேயே சிதறின. வெடிப்புக்கு இரும்பின் குறையும் மருந்தின் மிகுதியும் காரணங்களே. ஆயினும், தலைகீழாக நுழைத்த சன்னத்தையும் அவற்றோடு சேர்த்தே ஆயுத ஆய்வாளர் எண்ணுகின்றனர்.

இன்னொரு கோளாறும் இருந்தது. சுட்டவுடன் ஏற்படும் உதைப்பில், குழலின் அடியிலுள்ள நெம்புகோல் தானாகக் கழன்று கீழே விழுந்துவிடும். அதன் தலை உருளைக்குள் நுழைந்து, உருளை சுழலாமல் தடுத்துவிடும். சண்டை நடுவே இவ்வாறு நேர்வது எத்தகைய இக்கட்டு! வீரர் சிலர் தோல் வாரினால் நெம்புகோலைக் குழலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டனர். வாக்கரோ இக்குறைகளை நெடுநாள் அனுபவிக்க வாழவில்லை. கோல்ட் அவருக்கென அனுப்பிய ஒரு சோடித் துப்பாக்கிகள் கைக்குக் கிடைத்த சில நாட்களுள், 1847ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி, மெக்சிக்கோவின் உவாமந்த்லா என்ற ஊரில் நடந்த சண்டையில் உயிர் துறந்தார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'டிரகூன்' துப்பாக்கியில் கோல்ட் பாடம் கற்றிருந்தார். அறைகள் குறுகின, மருந்து 50 கிரெயின் அளவுக்கு இறங்கியது, குழல் ஏழரை அங்குலமாயிற்று, நெம்புகோலின் நுனியைக் குழலோடு பிடித்துக்கொள்ளும் கொளுவி ஒன்று சேர்ந்தது.

உருண்டையின் பெருமை

உருண்டைக் குண்டுக்கு மேலுமில்லை, கீழுமில்லை. எவ்வாறு வைத்தாலும் அது சரியாகவே இருக்கும். அவசரத்திலும் இருளிலும் நடுங்கும் கையினாலும் அதனைப் பிழையாக வைக்க முடியாது. புதிய விஞ்ஞானம் கூம்பைப் போற்றிய காலத்திலும், அனுபவமுள்ள பலர் பழைய உருண்டையைக் கைவிடாமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

வேறு காரணமும் உண்டு. நீண்ட கூம்புச் சன்னத்தை அறைக்குள் நேராக நிறுத்தி அழுத்துவது எளிதன்று. சிறிது சாய்ந்து நுழைந்தால், சாய்ந்தபடியே குழலுக்குள் பாயும். சாய்ந்து பாய்ந்தது நேரே செல்லுமா? உருண்டைக்குச் சாய்வு என்பதே இல்லை. மேலும், அறையின் விளிம்பு அதன் இடுப்பைச் சீவும்போது ஒரு தட்டையான பட்டி உண்டாகிறது. அந்தப் பட்டியே பின்னர்க் குழலின் புரிகளைக் கவ்விக் குண்டைச் சுழற்றுவது. கோல்ட் 1851ஆம் ஆண்டு வெளியிட்ட 'நேவி' என்ற மாதிரியின் உருண்டைக் குண்டு 80 கிரெயின், அதாவது 5 கிராமுக்குச் சற்று மேல். சிறியதுதான், ஆனால் நல்ல வேகமுடையது.

முழு உண்மை சொல்லப்போனால், உருண்டையும் முற்றாக உருண்டையன்று. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றும்போது ஊற்றுவாயில் ஒரு சிறு வால் நின்றுவிடும். அதனை அறுத்தபின்னும் தட்டையான ஒரு வடு இருக்கும். கவனமுள்ளவன் அந்த வடு நேர் மேலே, நெம்புகோலை நோக்கி இருக்குமாறு வைப்பான். பக்கவாட்டில் இருந்தால் சீவும் விளிம்பு அவ்விடத்தில் ஈயத்தைத் தொடாது போகலாம். ஈயமும் தூய ஈயமாக, நகத்தால் கீறக்கூடிய மென்மையுடையதாக இருக்க வேண்டும். அச்செழுத்து வார்க்கும் ஈயம்போல அந்திமனி கலந்து கடினமாக்கப்பட்டதாயின், அதனை அழுத்தி நெம்புகோலை வளைத்துக்கொள்வதே மிச்சம்.

அக்காலத்தில் ஆங்கிலேயர் வேறு வழி தேடினர். லண்டனில் 1851ஆம் ஆண்டு நடந்த மாபெரும் பொருட்காட்சியில் கோல்ட் தம் துப்பாக்கிகளைக் கொலுவைத்தபோது, றொபேட் அடம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஐந்து அறைகள் கொண்ட தமது துப்பாக்கியை எதிரே வைத்தார். விசையை இழுத்தாலே சுத்தியல் தானாக எழுந்து விழும் என்பது அதன் சிறப்பு. அதன் தொடக்க மாதிரியில் நெம்புகோலே இல்லை. அடியில் தக்கை பொருத்திய சன்னத்தைப் பெருவிரலால் அழுத்தினால் போதும் என்றனர். விரைவுதான், ஆனால் விரலால் போனது குதிரையின் குலுக்கலால் வரவும் கூடும் அன்றோ? பின்னர் வந்த அடம்ஸ் துப்பாக்கிகளில் நெம்புகோல் சேர்ந்துகொண்டது.

கொழுப்பும் பொறியும்

குண்டு இறங்கி மருந்தின்மேல் அழுந்தி இருத்தல் வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருப்பது ஆபத்து என்பது கருமருந்துத் துப்பாக்கியைக் கையாண்டோர் யாவரும் முதலிற் கற்ற பாடம். அதன்பின் ஒவ்வோர் அறையின் வாயிலும் கொழுப்பைப் பூசுவார்கள். ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது இதற்கு உகந்தது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் திண்மப் பொருளாகவே எஞ்சும். அக்கரி காய்ந்து இறுகினால் நாலைந்து சுற்றுச் சுட்டபின் உருளை சுழல மறுக்கும். கொழுப்பு அதனை இளக்கமாக வைத்திருக்கும்.

கொழுப்புக்கு மற்றொரு கடமையும் உண்டென்று நம்பினர். ஓர் அறையில் எழும் சுவாலை பக்கத்து அறையின் குண்டோரமாக நுழைந்தால், சுடவேண்டிய ஒன்றோடு சுடவேண்டாத இரண்டு மூன்றும் சேர்ந்து வெடித்துவிடும். குழலுக்கு நேரே இல்லாத அறையிலிருந்து புறப்படும் குண்டு எங்கே போகும்? துப்பாக்கியின் உடலில் மோதும். அல்லது முன்னே தாங்கிப் பிடித்த கையைத் துளைக்கும். கைத்துப்பாக்கியில் இரு கைகளும் உருளைக்குப் பின்னே இருப்பதால் விரல்கள் பெரும்பாலும் தப்பின. கோல்ட் நிறுவனத்தாரின் சுழல் உருளை கொண்ட நீண்ட துப்பாக்கியிலோ, இடக்கை உருளைக்கு முன்னே நிற்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அதனை வீரர் அஞ்சியதற்கு இதுவே காரணம். நெருப்பு முன்வாய் வழியாகத்தான் பரவுகிறது என்று நெடுங்காலம் எண்ணினர். பின்புறத்துக் காம்பில் சரியாகப் பொருந்தாத கேப்பு கழன்று விழ, அத்துளை வழியாகப் பொறி நுழைவதும் உண்டு என்பது இன்று பலராலும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. சீவிய வளையம் விழுமாறு குண்டு இறுக்கமாக இருந்தால் முன்வாயைப் பற்றிக் கவலை குறைவு; கேப்பு இறுக்கமாக இருந்தால் பின்வாயைப் பற்றியும் கவலை குறைவு.

கொழுப்பு என்றதும் நம் மாணவர்க்கு 1857ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். என்பீல்ட் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவியிருந்த கொழுப்பு பசுவினதோ பன்றியினதோ என்ற ஐயமே, இந்தியச் சிப்பாய்கள் மனத்தில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த நெருப்புக்குப் பொறியாயிற்று. அத்தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, கொழுப்புத் தடவிய பக்கத்தோடு சன்னத்தை உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. குண்டு வழுக்கிச் செல்ல வேண்டும் என்ற பட்டறைத் தேவை ஒன்று, ஒரு பேரரசை உலுக்கிய புரட்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றானது.

அந்தச் செப்புக் கேப்பின் வரலாறும் சுவையானது. ஸ்கொட்லாந்தின் பெல்ஹெல்வி என்னும் ஊரில் மதகுருவாக இருந்த அலெக்சாந்தர் போர்சைத், காட்டு வாத்து வேட்டையில் பிரியமுடையவர். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில், வெடிக்கு முன்னே கிண்ணத்தில் எழும் சுவாலையைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதைப் பார்த்துச் சலித்து, தட்டினாலே வெடிக்கும் இரசாயனப் பொருளைக்கொண்டு பொறி எழுப்பும் முறையைக் கண்டு 1807ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவரது கருத்திலிருந்தே பின்னர்ச் செப்புக் கேப்பு பிறந்தது. தொப்பிபோன்ற அச்சிறு பொருள் இல்லையேல் கோல்ட்டின் உருளை ஒன்றுக்கும் உதவியிராது. மதகுருவின் வாத்துவேட்டை எங்கெங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்!

இவ்வளவும் ஒழுங்காக நடக்க எத்தனை நேரம் ஆகும்? தேர்ந்தவனுக்கும் சில நிமிடங்கள் ஆகும். ஆகையால் போரில் ஒரு துப்பாக்கியை மீண்டும் கெட்டிப்பதைவிட, கெட்டித்த துப்பாக்கிகள் பலவற்றைச் சுமப்பதே மேல் என்று கருதினர். உள்நாட்டுப் போரின்போது மிசூரி மாநிலத்துக் கொரில்லாக்கள் நான்கு, ஐந்து றிவோல்வர்களை உடலிலும் சேணத்திலும் செருகித் திரிந்தனர். ரெமிங்ரன் நிறுவனத்துத் துப்பாக்கியில் உருளையை எளிதாகக் கழற்றலாம் என்பதால், முன்னரே கெட்டித்த உருளையை மாற்றிக்கொள்வோரும் இருந்தனர். எளிதில் எரியும் காகிதத்தில் மருந்தையும் சன்னத்தையும் சேர்த்து ஒட்டிய தோட்டாக்களும் ஆறு ஆறாகப் பொதி செய்து விற்கப்பட்டன. குடுவையும் தோற்பையும் தேடவேண்டியதில்லை. நேரே அறைக்குள் வைத்து நெம்புகோலால் அழுத்திக் கேப்பு இட்டால் போதும்.

கருமருந்து ஈரத்தை இழுப்பது. நேற்றுக் கெட்டித்தது இன்று வெடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. 'வைல்ட் பில்' என்று பெயர்பெற்ற ஜேம்ஸ் ஹிக்கொக், நாள்தோறும் காலையில் தம் துப்பாக்கிகளைச் சுட்டு வெறுமையாக்கி, துடைத்து, தம் கையாலேயே மீண்டும் கெட்டிப்பார் என்று கூறுவர். 1865ஆம் ஆண்டு யூலை 21ஆம் திகதி, மிசூரியின் ஸ்பிரிங்பீல்ட் நகரச் சதுக்கத்தில், ஏறத்தாழ 75 யார் தொலைவில் எதிரே நின்ற டேவிஸ் டட் என்பவரை ஒரே சூட்டில் வீழ்த்தியவர் அவர். சூதாட்டக் கடனும் ஒரு சட்டைப்பைக் கடிகாரமும் காரணமாக எழுந்த பகை அது. இருவரும் சுட்டனர், ஒருவர் குண்டே இலக்கை அடைந்தது.

ஈயம் வார்த்துக் கொழுப்புப் பூசும் அக்காலம் விரைவில் முடிந்தது. பின்புறத்திலிருந்து முழுத் தோட்டாவை நுழைக்குமாறு உருளையை ஊடுருவத் துளைக்கும் உரிமையை 1855ஆம் ஆண்டில் றொலின் வைட் என்பவர் பெற்றார். ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தார் அதனைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிக்கொண்டனர். 1869ஆம் ஆண்டில் அக்காப்புரிமை காலாவதியாகும்வரை மற்றையோர் கைகட்டி நிற்க நேர்ந்தது. கோல்ட் 1862ஆம் ஆண்டு ஜனவரியிலேயே காலமானார். அவரது நிறுவனம் 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட உலோகத் தோட்டாத் துப்பாக்கியே, நாம் படங்களிற் பெரும்பாலும் காண்பது.

ஆயினும் பழையது முற்றாக மறையவில்லை. 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு நெருங்கியபோது, வல் போர்கெற் என்ற அமெரிக்கர், இத்தாலியில் பிரெஸ்சியா நகருக்கு வடக்கேயுள்ள துரொம்பியாப் பள்ளத்தாக்கின் தொழிலாளரைக்கொண்டு பழைய 'நேவி' மாதிரியை அச்சொட்டாகச் செய்விக்கத் தொடங்கினார். பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்துவரும் அப்பள்ளத்தாக்கே இன்று இவ்வகைப் பிரதிகளின் தாயகம். 1971ஆம் ஆண்டு தொடங்கிய சர்வதேசக் குழு ஒன்று இவற்றுக்கான உலகப் போட்டிகளையும் நடத்துகின்றது. 30 நிமிடத்தில் 13 முறை சுடலாம்; அவற்றுட் சிறந்த 10 கணக்கில் எடுக்கப்படும். குடுவையிலிருந்து மருந்தை நேரே அறைக்குள் ஊற்ற அங்கு அனுமதி இல்லை. முன் சுட்ட சூட்டின் தணல் அறைக்குள் ஒளிந்திருந்தால், ஒரு சிட்டிகை மருந்து தீப்பற்றுவதற்குப் பதிலாகக் கையிலுள்ள குடுவையே வெடித்துவிடும். ஆதலால், ஒவ்வொரு சூட்டுக்கும் உரிய மருந்தை முன்கூட்டியே நிறுத்துச் சிறு குழாய்களில் அடைத்துக்கொண்டு வருகின்றனர்.

இங்கேதான் நம் இல்லத்தரசியர் முகம் மலரத்தக்க செய்தி ஒன்று உண்டு. போட்டியில் தூரம் பெரும்பாலும் 25 மீற்றரே. வலிமை தேவையில்லை, குறியே தேவை. எனவே மருந்தைப் பாதிக்கும் குறைவாகவே இடுவர். அப்போது குண்டு அறையின் அடியில் ஆழமாக இறங்கிவிடும். அங்கிருந்து குழல்வரை தாவிவரும் வழியில் குறி கெடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விடவும் கூடாது. இந்த வெளியை நிரப்ப ஐரோப்பியப் போட்டிக்காரர் பலர் பயன்படுத்துவது வேறெதுவுமன்று. நாம் உப்புமாக் கிண்டும் ரவையேதான்! துப்பாக்கிக் குண்டையும் சமையற் பொருளையும் ரவை என்ற ஒரே சொல்லால் வழங்குவது தமிழ். அவர்களோ இரண்டு ரவைகளையும் ஒரே அறையில் இடுகின்றனர். கீழே மருந்து, அதன்மேல் ஒரு சிறு கரண்டி ரவை, அதன்மேல், விளிம்பிலே ஈயவளையம் சீவி விழ, குண்டு.